ஓய்வுக்குப் பிறகும் கொழுந்து: கணக்கில் வராத உழைப்பு

அரச ஊழியரின் ஓய்வு வயது பற்றி இந்த நாட்டில் அடிக்கடி விவாதம் நடக்கிறது. 65 ஆக உயர்த்தப்பட்ட அந்த வயது, 2022 இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் மீண்டும் 60 ஆக்கப்பட்டது. ஓய்வூதியம் பெறுபவர்கள் பகுதிநேரமாக வேலை செய்யலாமா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு இது ஆசிரியரும் லிகிதரும் சார்ந்த விடயமாகத் தெரியலாம். ஹட்டன், நுவரெலியா தோட்டங்களிலோ இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. ஆனால் ஓய்வுபெற்றவர்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வின்போது ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் சேவைக்காலப் பணமும் கிடைக்கும். மூன்றும் ஒரே தடவை கைக்கு வருபவை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின் அடிப்படையில், சேவைக்காலப் பணமாகக் கிடைக்க வேண்டும்.

2024 செப்டம்பரில் நிர்ணயமான 1,350 ரூபாவை வைத்துக் கணக்குப் பார்த்தேன். 30 ஆண்டு உழைத்தவருக்கு 5,67,000 ரூபா வருகிறது. அதை 20 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 2,360 ரூபா. அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக இருந்த 2020இல் ஓய்வுபெற்றவருக்கு மொத்தமே 2,94,000 ரூபாதான். 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது, அந்தப் பணத்தின் பெறுமதியும் கரைந்துபோனது. அரச ஓய்வூதியத்தைப் போல இதை யாரும் பிறகு திருத்திக் கூட்டித் தருவதில்லை.

அதனால்தான் ஓய்வுபெற்றவர்கள் திரும்பவும் மலைக்குப் போகிறார்கள். இம்முறை பேர் பதிந்து அல்ல, கைக்காசுக்கு. பறித்த கொழுந்தின் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இளையவர்கள் கொழும்புக்குப் போய்விட்டதால் தோட்டங்களுக்கும் ஆள் தேவை. பழகிய கை, குறைந்த செலவு. சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தற்காலிகமாக வேலை செய்பவர்களும், செய்த அளவுக்குக் கூலி பெறுபவர்களும் சேமலாப நிதிக்கு உரியவர்களே. ஆனால் செக்ரோலில் பேர் இல்லாத ஒருவர் வழுக்கி விழுந்தாலோ, குளவி கொட்டினாலோ, அன்று வேலையில் இருந்தார் என்பதை நிரூபிப்பதே பெரும்பாடு.

1977 வன்முறைக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய், பிறகு போரில் மறுபடியும் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களுக்கு இது புரியும். உழைத்த ஆண்டுகள் கடதாசியில் இல்லாவிட்டால், முதுமையில் உரிமையோடு கேட்க எதுவும் இருக்காது.

முதியவர்களை வேலைக்கு எடுக்கக்கூடாது என்று தடுப்பது தீர்வல்ல. அது அவர்களின் அடுப்பைத்தான் அணைக்கும். வறிய முதியோருக்கான அரச கொடுப்பனவு 2025இல் 5,000 ரூபாவாக உயர்ந்தது. ஆனால் அது 70 வயதைத் தாண்டியவர்களுக்கே. 60க்கும் 70க்கும் இடைப்பட்ட பத்து ஆண்டுகளைத் தாங்கி நிற்பது கைக்காசுதான்.

சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் நாட்சம்பளத்தைப் பற்றியே பேசுகின்றன. ஓய்வுபெற்றவர் செய்யும் அரை நாள் வேலையையும் பேர் போட்டுப் பதிய வேண்டும், அதற்கும் நிதி கட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் அந்த மேசைக்கு வரவேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தைத் தோட்டத்து நிறுவைக்களம் வரை கொண்டுபோனால் போதும்.