நாற்பது விநாடிக் கவனம்



மனத்தை ஒருமுகப்படுத்துவது பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் தியானத்திலோ பிள்ளைகளின் பரீட்சையிலோ போய் முடிவது வழக்கம். இம்மாதம் அதனை ஒரு விளையாட்டின் வாயிலாகக் காண விழைகிறேன். அவ்விளையாட்டு கோல்ப்.

"செல்வர்களின் பொழுதுபோக்கு நமக்கு எதற்கு?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதற்கு விடை நாம் வாழும் கொல்கத்தாவிலேயே இருக்கிறது. 1829-ஆம் ஆண்டு இங்குத் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியேயுள்ள கோல்ப் சங்கங்களுள் மிகப் பழமையானது. அதன் புல்தரையைப் பேணிவந்த ஊழியர் ஒருவருடைய மைந்தர்தாம் எஸ். எஸ். பி. சௌராசியா. ஆசிரியர் வைத்துக் கற்கும் வசதியின்றி, தாமே பார்த்துப் பழகியவர் அவர். 2008-ஆம் ஆண்டு டில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தையும், 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியன் ஓபன் பட்டத்தையும் வென்றார். மட்டையும் மைதானமும் பணத்தால் கிடைப்பவை; மனப்பயிற்சியைப் பணம் கொடுத்து வாங்க இயலாது.

இவ்விளையாட்டின் தனித்தன்மை யாதெனில், பந்து அசையாமல் கிடக்கிறது. கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது, சிந்திக்க நேரமில்லை. கோல்ப் ஆட்டத்திலோ தடுப்பார் எவருமில்லை. நேரம் தாராளமாக உண்டு. அந்த நேரமே பகையாகிறது. "சென்ற குழியில் கோட்டை விட்டோமே" என்று மனம் பின்னே ஓடும். "இதை முடித்தால் பரிசு நமதே" என்று முன்னே ஓடும். கையில் மட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இக்கணத்தில் மட்டும் அது நிற்காது.

இங்கே ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பதினெட்டுக் குழிகளைச் சுற்றி முடிக்க நான்கு மணி நேரத்திற்குக் குறையாது. நல்ல ஆட்டக்காரருக்கு ஏறத்தாழ 72 அடிகள் தேவைப்படும். ஓர் அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று 2019 முதல் விதிகள் அறிவுறுத்துகின்றன. 72-ஐ 40-ஆல் பெருக்கினால் 2,880 விநாடிகள், அதாவது 48 நிமிடங்கள். எஞ்சிய மூன்று மணி நேரத்திற்கு மேற்பட்ட பொழுது நடையும் காத்திருப்புமே. ஆகவே நான்கு மணி நேரமும் மனத்தை இறுக்கிப் பிடிப்பவர் வீணே களைத்துப் போகிறார். தேவையான 40 விநாடிக்கு அதை எடுத்துக்கொண்டு, பிறகு கீழே வைத்துவிடத் தெரிந்தவரே கடைசிக் குழிவரை தெளிவோடு இருக்கிறார். நடக்கையில் மரங்களைப் பார்க்கலாம். உடன் வருபவரோடு பேசலாம். பந்தை நெருங்கியதும் பேச்சு நிற்க வேண்டும்.

எடுத்துக்கொள்வது எப்படி? "கவனி, கவனி" என்று மனத்தை அதட்டுவதால் பயனில்லை. அதற்கு ஒரு வேலை முறையைக் கொடுக்க வேண்டும். பந்தின் பின்னால் நின்று இலக்கைப் பார்த்தல், ஒருமுறை ஆழ்ந்து மூச்சு விடுதல், மட்டையை ஒருமுறை வெறுமனே வீசிப் பார்த்தல், கால் ஊன்றி நிற்றல், இலக்கை மீண்டும் ஒருமுறை நோக்கி அடித்தல் என ஒவ்வோர் அடிக்கும் இதே வரிசை மாறாமல் இருத்தல் நன்று. அமெரிக்க வீரர் ஜாக் நிக்லஸ், பந்து சென்று அமர வேண்டிய இடத்தையும், அது செல்லும் பாதையையும், தம் வீச்சையும் மனக்கண்ணில் கண்ட பின்னரே அடிப்பதாக 1974-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியிருக்கிறார். எங்கள் ரயில்வேயில் என்ஜின் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் சிக்னலைக் கண்டவுடன் அதன் நிலையை வாய்விட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது விதி. கண்ணுக்கும் வாய்க்கும் வேலை கொடுத்தால் மனம் தானே வந்து சேரும் என்பதே இரண்டிலும் உள்ள தத்துவம்.

பந்தைக் குழியை நோக்கி மெல்ல உருட்டும்போது கண்ணே பிரதானம். கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், தேர்ந்த ஆட்டக்காரர்களின் பார்வை அடிக்குமுன் பந்தின் மீது ஒரே இடத்தில் அலையாமல் நிலைப்பதையும், பந்து நகர்ந்த பின்னும் கணநேரம் அவ்விடத்திலேயே தங்குவதையும் கண்டறிந்தார். பழகாதவரின் பார்வையோ பந்துக்கும் குழிக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும்.

முறை நடுவில் தடைப்பட்டால் என்ன செய்வது? 1970-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓபன் ஆட்டத்தை நினைவு கூர்வோம். டக் சாண்டர்ஸ் என்பவர் கடைசிக் குழியில் ஏறத்தாழ ஒரு கஜ தூரம் பந்தை உருட்டிவிட்டால் பட்டம் அவருடையது. அடிக்க நின்றவரின் கண்ணில் ஏதோ பழுப்பாகப் பட்டது. கல் என எண்ணிக் குனிந்தார். அது காய்ந்த புல். விலகி வந்து முதலிலிருந்து தொடங்காமல், நின்ற நிலையிலேயே அடித்தார். பந்து குழிக்கு வலப்புறம் விலகிப் போயிற்று. மறுநாள் நடந்த முடிவாட்டத்தில் நிக்லஸிடம் ஒரே அடி வித்தியாசத்தில் தோற்றார். நோட்டுக் கட்டை எண்ணும் காசாளரை யாராவது நடுவில் அழைத்தால், அவர் எண்ணியதை விட்டுவிட்டு ஒன்றிலிருந்துதானே மீண்டும் தொடங்குகிறார்? அதுவே இங்கும் விதி.

தவறிய அடியை என்ன செய்வது? ஏன் தவறிற்று என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அவ்விடத்திலேயே விட்டுவிட வேண்டும். 2011 ஏப்ரலில் அமெரிக்க மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளை நான்கு அடி முன்னணியில் தொடங்கிய ரோரி மக்கில்ராய், அன்று 80 அடிகள் எடுத்துப் பட்டத்தை இழந்தார். அவ்வாண்டு ஜூனிலேயே யு.எஸ். ஓபன் பட்டத்தை எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார்.

ஓர் அடியின் மதிப்பைப் பெங்களூரின் அதிதி அசோக் நன்கறிவார். 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், தம் அன்னையே மட்டைப் பையைச் சுமந்து உடன்வர, நான்கு நாட்களில் 269 அடிகள் ஆடினார். அடுத்த இடங்களுக்குரிய பதக்கங்களைப் பெற்ற இருவரும் 268 அடிகள். அதிதிக்கு நான்காம் இடமே கிட்டியது. இருநூறு கஜம் பறக்கும் அடியும், ஒரு சாண் உருளும் அடியும் கணக்கில் ஒன்றே.

நம்மில் பலர் கோல்ப் மட்டையைத் தொடப்போவதில்லை. ஆயினும் ஒற்றை அறைக் குடியிருப்பில், வானொலிக்கும் அண்டை வீட்டாரின் பேச்சுக்கும் நடுவே படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. நான்கு மணி நேரம் தொடர்ந்து படிக்கவில்லை என அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு கணக்கை எடுத்தால் அதை முடிக்கும்வரை அழைக்காதிருங்கள். முடித்தபின் சற்று எழுந்து நடக்க விடுங்கள். நடுவில் அழைக்க நேர்ந்துவிட்டால், விட்ட வரியிலிருந்து அன்றி, அக்கணக்கின் முதல் வரியிலிருந்தே மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள்.