பயந்து எடுத்த ஸ்கேன்... பயந்து எடுக்காத ஸ்கேன்!

2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு. பஸ் இல்லை, ரயில் இல்லை. காய்கறி வாங்கக்கூட நேரம் பார்த்துத்தான் போகணும். 'அப்பாடா, இனி ஆக்ஸிடென்ட் வார்டில் ஈ ஓட்டுவார்கள்' என்றுதானே நினைத்தோம்?

பாதி நிஜம். 2019-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,51,113 பேர். 2020-ல் அது 1,31,714 ஆகக் குறைந்தது. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2019-ல் நூறு விபத்துக்குச் சுமார் 34 பேர் இறந்தார்கள். 2020-ல் 36 பேர்! விபத்துதான் குறைந்தது, பட்ட அடி குறையவில்லை. அமெரிக்காவில் இன்னும் மோசம். வண்டிகள் ஓடிய தூரம் குறைந்தும், அந்த வருஷம் சாலையில் போன உயிர்கள் 38,824. முந்தைய வருஷத்தைவிட அதிகம். காலி ரோட்டைப் பார்த்ததும் வேகம்தான்!

சரி, வீட்டுக்குள் இருந்தவர்கள்? ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறியவர்கள், பாத்ரூமில் வழுக்கிய பாட்டிகள், மாடிப்படியில் ஓடிப் பிடித்து விளையாடிய வாண்டுகள்... விழுவதற்கு ஏது ஊரடங்கு? பல நாடுகளில் எமர்ஜென்ஸிக்கு வந்த மொத்தக் கூட்டம் குறைந்தாலும், வந்தவர்களில் வீட்டில் விழுந்தவர்களின் பங்கு கூடியிருந்தது.

என் கவலை, வராமலே இருந்துவிட்டவர்களைப் பற்றி. 'ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா ஒட்டிக்கும். தைலம் தேய்ச்சுப் படு, காலையில பார்த்துக்கலாம்.' இந்தப் பேச்சு எத்தனை வீடுகளில் கேட்டது!

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று எல்லா அடியையும் விட்டுவிட முடியாது. மண்டைக்குள் கசியும் ரத்தம் வெளியே தெரியாது. அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து காபி குடிப்பார், சிரித்துப் பேசுவார். சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, மயக்கம். வயதானவர்களுக்கு ரத்தம் மெள்ளக் கசிந்து, சில வாரம் கழித்துக்கூட நடை தள்ளாடும், ஞாபகம் தடுமாறும். நாமோ 'வயசாச்சு, அப்படித்தான்' என்போம். இதைக் காட்டிக் கொடுப்பது சி.டி. ஸ்கேன். படம் எடுக்கச் சில நிமிஷம் போதும்.

இதற்கு நேர்மாறான கூத்து, 2021-ல் இரண்டாவது அலையின்போது. லேசாக ஜுரம், இருமல் என்றாலே ஸ்கேன் சென்டர் வாசலில் க்யூ! நெஞ்சை சி.டி. எடுத்து, 'உங்க ஸ்கோர் எவ்வளவு?' என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பு வேறு. அந்த மே மாதம், டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரண்தீப் குலேரியா, லேசான பாதிப்புக்கு சி.டி. தேவையில்லை என்று எச்சரித்தார். ஒரு சி.டி. 300, 400 நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம் என்றார். ரேடியாலஜி டாக்டர்களின் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அது பழைய கணக்கு, இன்றைய மெஷின்களில் 5 முதல் 10 எக்ஸ்ரே அளவுதான் என்றது. கணக்கில் சண்டை இருக்கட்டும். தேவையில்லாத படம் எதற்கு என்பதுதான் நம் கேள்வி.

ஒரே பயம்தான். ஸ்கேன் தேவைப்பட்டவரை வீட்டில் பூட்டி வைத்தது. தேவைப்படாதவரை ஸ்கேன் சென்டருக்குத் துரத்தியது. இதில் ஜனங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 'வீட்டிலேயே இருங்கள்' என்று டி.வி.யிலும் போனிலும் ஓயாமல் சொன்னவர்கள், 'அடிபட்டால் மட்டும் உடனே வாருங்கள்' என்பதையும் அதே சத்தத்தில் சொல்லியிருக்க வேண்டாமா?

நாளைக்கு எந்தத் தொற்று வந்தாலும் இதை மறக்காதீர்கள். தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தூங்கி வழிந்தால், பேச்சு குழறினால், வலிப்பு வந்தால், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீரோ வடிந்தால் யோசிக்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் என்றால், இந்த அறிகுறிகள் வரட்டும் என்றுகூடக் காத்திருக்காதீர்கள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஸ்கேன் வேண்டுமா, வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். பயமும் பக்கத்து வீடும் சொல்ல வேண்டாம்.

ஊரடங்கு ஊருக்குத்தான். அடிபட்ட தலைக்கு இல்லை!