தேரும் காற்பந்தும் ஒரே நாளில்: ஜொகூர்க் குடும்பங்களின் விடுமுறைக் கணக்கு

ஜொகூர்பாரு: அடுத்த ஆண்டுத் தைப்பூசம் ஜனவரி 22, வெள்ளிக்கிழமை வருகிறது. சனி, ஞாயிறும் சேர்ந்தால் மூன்று நாள் விடுமுறை. நாள்காட்டியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஜொகூரில் ஒரே வீட்டில் வாழும் நான்கு பேருக்கு அந்த மூன்று நாளும் ஒரே மாதிரி கிடைக்குமா என்றால், பெரும்பாலும் கிடைக்காது.

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாசாயில் ஒரு தாமான் வீடு. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. அம்மாவுக்குப் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்டு. மகன் ஸ்கூடாயில் பல்கலைக்கழக மாணவர், காற்பந்துக் குழுவில் ஆடுகிறவர். தாய்மாமன் இன்னும் குளுவாங் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். காலையில் எல்லாரும் ஒன்றாகப் பால்குடம் எடுத்து, தேரோடு நடந்து, மாலையில் மகனின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆசை இவ்வளவுதான். இந்த ஒரு நாளை அமைக்க அந்த வீடு நான்கு நாள்காட்டிகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

மாநிலத்தின் நாள்காட்டி

தைப்பூசம் நாடு முழுவதற்குமான விடுமுறை அல்ல. ஜொகூர், நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பேராக், பினாங்கு ஆகிய மாநிலங்களில் அது பொது விடுமுறை. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் அது 2008இல்தான் அறிவிக்கப்பட்டது. ஆக, ஜொகூர்க்காரர்களுக்கு அடிப்படை உரிமை ஏற்கெனவே இருக்கிறது.

ஜொகூரின் வார விடுமுறையும் மாறிவிட்டது. 2014 ஜனவரி முதல் பதினோர் ஆண்டுகள் இங்கே வெள்ளி, சனிதான் வார ஓய்வு. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆனது. பழைய முறை நீடித்திருந்தால் அடுத்த ஆண்டு வெள்ளிக்கிழமைத் தைப்பூசம் ஓய்வு நாளிலேயே விழுந்திருக்கும். இப்போது அது தனி விடுமுறையாகக் கிடைக்கிறது. பல்கலைக்கழக மாணவருக்கும் அரசாங்க ஊழியருக்கும் இந்தக் கணக்கு இத்தோடு முடிந்துவிடுகிறது. தனியார் துறைத் தொழிலாளிக்கு இங்கேதான் தொடங்குகிறது.

முதலாளியின் நாள்காட்டி

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் சம்பளத்துடன் தரப்பட வேண்டும். அவற்றில் ஐந்து மட்டுமே கட்டாயமானவை: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறு நாள்களை அரசிதழில் உள்ள விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். அந்த ஐந்தில் தைப்பூசம் இல்லை. தீபாவளியும் இல்லை.

மாநிலம் விடுமுறை அறிவித்துவிட்டது என்பதால் தொழிற்சாலையும் கதவை மூடிவிடும் என்று நம்பி இருந்துவிட முடியாது. அந்த ஆறு நாள் பட்டியலில் தைப்பூசம் இருந்தால்தான் அது அம்மாவின் விடுமுறை. இல்லையென்றால் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை எடுத்துத்தான் பால்குடம் தூக்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. அந்த ஆறு நாள்கள் எவை என்று ஒவ்வோர் ஆண்டும் தொடங்குவதற்கு முன்பே, வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி முதலாளி அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதாவது 2027ஆம் ஆண்டுத் தைப்பூசம் உண்டா இல்லையா என்பது இவ்வாண்டு டிசம்பர் 31க்குள் பலகையில் தெரிந்தாக வேண்டும். ஜனவரி மூன்றாவது வாரத்தில் மேற்பார்வையாளரிடம் போய் நிற்பதைவிட, டிசம்பரிலேயே பலகையைப் படித்துவிட்டுக் கேட்பவரின் பேச்சுக்கு எடை அதிகம். பட்டியலில் உள்ள ஒரு நாளுக்குப் பதிலாக வேறொரு நாளை எடுத்துக்கொள்ள முதலாளியும் தொழிலாளியும் ஒப்புக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. இந்தியத் தொழிலாளர்கள் கணிசமாக உள்ள இடத்தில் சேர்ந்து கேட்டால், பட்டியலில் உள்ள இன்னொரு நாளைக் கொடுத்துத் தைப்பூசத்தை வாங்குவது நடக்காத காரியமல்ல.

தைப்பூசம் பட்டியலில் இருந்தும் அன்று வேலைக்கு வரச் சொன்னால் என்ன? மாதச் சம்பளத்தில் அடங்கிய விடுமுறைச் சம்பளத்தோடு, மேலும் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டைச் சட்டம் சொல்லும் முறைப்படி 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட் 38 சென். இரண்டு நாளுக்கு 130 ரிங்கிட் 76 சென். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் பெறுபவர்களுக்கு இந்தக் கூடுதல் தொகை விதி பொருந்தாது. நேர்த்திக்கடனுக்கு ரிங்கிட்டில் விலை போட முடியாதுதான். ஆனால், அந்த நாளை இழக்கும் தொழிலாளி அதற்குரிய பணத்தையும் சேர்த்து இழக்க வேண்டியதில்லை.

தோட்டத்தின் நாள்காட்டி

பழைய தோட்டங்களில் விடிவதற்கு முன் தொழிலாளர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுப்பதைப் 'பெரட்டு' என்பார்கள். அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் தோட்டத் தமிழில் அப்படித் திரிந்தது. ஆண்டு முழுவதும் பெரட்டில் நின்றவர்கள், தமக்கென்று ஓர் அணிவகுப்பில் நடந்த நாள் தேர்த் திருநாள்தான். அன்று பெரட்டு இல்லை என்பதே பாதித் திருவிழா.

பெரட்டுக் களம் இன்று பல இடங்களில் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் கூலாய், ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனால், இன்னும் தோட்டத்தில் இருக்கும் மாமனுக்குக் கணக்கு வேறு. குலைக்கும் எடைக்கும் கூலி பெறுபவர் பொது விடுமுறையில் வேலை செய்தால், அன்றைய வேலைக்கு வழக்கமான விகிதத்தைப்போல் இரண்டு மடங்கு கூலி தர வேண்டும். சங்க ஒப்பந்தம் நடப்பில் உள்ள தோட்டங்களில், விடுமுறை பற்றி அந்த ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டு வெள்ளிக்கிழமைத் தைப்பூசத்தில் தோட்டத்தாரும் ஷிப்டுத் தொழிலாளரும் கவனிக்க வேண்டிய ஒரு கண்ணி இருக்கிறது. ஆறு நாள் வேலை செய்பவருக்குச் சனிக்கிழமை வேலை நாள். பொது விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ அனுமதி பெறாமல், தக்க காரணமும் இல்லாமல் வராதவருக்கு, அந்த விடுமுறை நாளின் சம்பளமே இல்லை என்கிறது சட்டம். வெள்ளிக்கிழமை தேரோடு நடந்த களைப்பில் சனிக்கிழமை படுத்துவிட்டால், சனிக்கிழமைக் கூலியோடு வெள்ளிக்கிழமைச் சம்பளமும் போய்விடும். ஊருக்கு வந்து இரவு தங்க நினைப்பவர் சனிக்கிழமைக்கு முன்கூட்டியே எழுதி விடுப்பு வாங்கிவிடுவது நல்லது.

பாலத்துக்கு அப்பால்

அப்பாவின் நிலைதான் சிக்கலானது. சிங்கப்பூரில் தைப்பூசம் பொது விடுமுறை அல்ல. ஒரு காலத்தில் இருந்தது. 1968இல் அந்நாடு தன் பொது விடுமுறைகளை 16இலிருந்து 11 ஆகக் குறைத்தபோது, இந்துக்களுக்கு இருந்த இரண்டில் தீபாவளி நின்றது, தைப்பூசம் போனது. அந்த முடிவு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஜொகூர் வீடுகளின் காலை நேரத்தைத் தீர்மானிக்கிறது. நாள்தோறும் பாலம் கடந்து செல்லும் லட்சக்கணக்கானோரில் நம்மவர்களும் கணிசம். ஊரில் காவடி புறப்படும் விடியலில், அவர்கள் சுங்கச் சோதனை வரிசையில் நிற்கிறார்கள்.

இவ்வாண்டு தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஞாயிறு ஓய்வு உள்ள இரு பக்கத்தாருக்கும் பிரச்சினை எழவில்லை. அடுத்த நாள் திங்கட்கிழமை மாற்று விடுமுறைதான் ஜொகூரில் மட்டும் இருந்தது. வரும் தீபாவளியும் அப்படித்தான்: நவம்பர் 8 ஞாயிறு, திங்கட்கிழமை இரு பக்கமும் விடுமுறை. இப்படி இரண்டு பெருநாள்கள் சுலபமாக அமைந்துவிட்ட பழக்கத்தில், அடுத்த தைப்பூசமும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜனவரி 22 சிங்கப்பூரில் சாதாரண வேலை நாள். அப்பாவுக்குத் தேவை ஒரு நாள் ஆண்டு விடுப்பு. அதே நாளைக் கேட்டு அதே நிறுவனத்தில் இன்னும் பல ஜொகூர்த் தமிழர்கள் நிற்பார்கள் என்பதால், முந்தியவருக்கே கிடைக்கும்.

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் சேவை இவ்வாண்டு இறுதியில் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. 4 கிலோமீட்டர் தூரம், ஐந்து நிமிடப் பயணம், ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகள். திட்டப்படி ஓடினால் அடுத்த ஆண்டுத் தைப்பூசம்தான் அந்த ரயில் வந்த பின் வரும் முதல் தைப்பூசம். விடுப்புக் கிடைக்காதவர்கூட வேலை முடிந்து மாலைத் தேருக்குள் ஊர் திரும்ப அது உதவலாம். ஆனால், பாலத்தில் மிச்சமாகும் நேரம் விடியற்காலைப் பால்குடத்தைத் திருப்பித் தராது.

ஆட்டம் ஏன் அதே நாளில்?

இத்தனையும் கூடி வந்தபின் காற்பந்து குறுக்கே வருகிறது. இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. மாணவர் ஆட்டங்களை ஏற்பாடு செய்பவர்கள் தேடுவதும் வகுப்பில்லாத நாளைத்தான். பக்தர்களை விடுவிக்கும் அதே விடுமுறைதான் ஆட்டக்காரர்களையும் திடலையும் விடுவிக்கிறது. ஸ்கூடாயில் யுடிஎம், பத்து பஹாட் பக்கம் பாரிட் ராஜாவில் யுடிஎச்எம், பாசிர் கூடாங்கில் இப்ராஹிம் சுல்தான் போலிடெக்னிக் என்று உயர்கல்வி நிலையங்கள் மாநிலமெங்கும் உள்ளன. நீண்ட வார இறுதி ஒன்று கிடைத்தால் நட்புமுறை ஆட்டமோ போட்டியோ அதில் வந்து விழும்.

ஜொகூரில் காற்பந்தைச் சின்ன விஷயமாக ஒதுக்கிவிடவும் முடியாது. ஜேடிடி குழு 2014 முதல் 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை லீக் கிண்ணம் வென்ற மாநிலம் இது. அந்தக் குழுவின் சீருடையில் எஸ். குணாளன் ஓடியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் தாமான்களில் இருக்கிறார்கள். கல்லூரிக் குழுவில் இடம் பிடித்த மகனிடம் 'சாமி காரியம், ஆட்டத்தை விடு' என்று சொல்வது சுலபம். விட்டால் அடுத்த ஆட்டத்தில் அவருடைய இடத்தில் வேறொருவர் நிற்பார். 'ஆட்டம்தான் முக்கியம்' என்று அவர் போய்விட்டால் வீட்டில் மனத்தாங்கல். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதற்குத் தேவை சில வாரங்களுக்கு முன்பே பேசுவது மட்டுமே.

ஆட்ட அட்டவணை வரைவில் இருக்கும்போதே, தைப்பூசத்தன்று மாலை நேரம் வேண்டும் என்று மாணவர் பயிற்றுநரிடம் சொல்லலாம். ஒரு மாணவர் கேட்பதைவிட இந்திய மாணவர்கள் சேர்ந்து கேட்பது நல்லது. வீட்டுப் பக்கமும் இடம் கொடுக்க வேண்டும். தைப்பூசம் ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. கோலாலம்பூர் வெள்ளித் தேரே தைப்பூசத்துக்கு முன்னதாகவே புறப்பட்டுவிடுகிறது. நேர்த்திக்கடனை முன்னதாகவே செலுத்திவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஆடப்போகும் பிள்ளை வெறுங்காலோடு வெயிலில் காவடி தூக்கிவிட்டு, விரத வயிற்றோடு மாலையில் தொண்ணூறு நிமிடம் ஓடுவது உடம்புக்கு ஆகாது. முதல் நாள் இரவே பால்குடம் எடுத்து, காலையில் ஓய்வு கொள்வது நல்ல ஏற்பாடு.

பயண நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இராஜமாரியம்மன் ஆலயம் இருக்கும் ஜொகூர்பாரு நகர மையத்திலிருந்து யுடிஎம் வளாகம் சுமார் 18 கிலோமீட்டர். சாதாரண நாளில் அரை மணி. தேர் வரும் நாளில் சாலைகள் மூடப்பட்டு, வாகனம் நிறுத்திய இடத்திலிருந்து வெளியே வருவதற்கே அதற்கு மேல் ஆகும். நண்பகலுக்கு முன் வழிபாட்டை முடித்துவிட்டு நகர மையத்தைவிட்டு வெளியேறுகிறவர்களுக்கே மாலை ஆட்டம் நிச்சயம்.

டிசம்பரில் செய்ய வேண்டியவை

ஆக, இந்த வீட்டின் பிரச்சினை தேரா காற்பந்தா என்பதல்ல. ஒரு நாள் முழுவதும் கையில் இருந்தால் இரண்டுக்குமே இடம் இருக்கிறது. அந்த நாள் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. அப்பாவின் நாள் சிங்கப்பூர் நிறுவனத்திடம், அம்மாவின் நாள் அறிவிப்புப் பலகையில், மாமனின் நாள் தோட்ட நிர்வாகத்திடம், மகனின் நாள் பயிற்றுநரின் அட்டவணையில்.

டிசம்பர் பிறந்ததும் அம்மா பலகையைப் பார்க்க வேண்டும். அறிவிப்பே இல்லையென்றால் கேட்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அப்பா ஜனவரி 22க்கு விடுப்பு விண்ணப்பத்தை முதல் ஆளாகக் கொடுக்க வேண்டும். மாமன் சனிக்கிழமைக்கு அனுமதி வாங்க வேண்டும். மகன் பயிற்றுநரிடம் பேச வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும், அன்று அந்தக் குடும்பத்தில் ஒருவர் தேரைக் கைப்பேசியில்தான் பார்ப்பார்.