பாலைவனம் பூத்தது சரி, யாரோட கையால?

கண்டியிலிருந்து வத்தேகம வழியா பன்வில வர்ற பஸ்ஸில, போன வாரம் என் மாமா மகன் தன் போனை என் மூக்குக்கு முன்னால நீட்டினான். ஒரு வீடியோ. முதல்ல மணலும் கல்லும். அடுத்த நொடி பச்சைப் பசேல்னு குடைமிளகாய்த் தோட்டம், வரிசை வரிசையா பேரீச்சை. பின்னணியில ஒரு பாஸ்டரோட குரல்: வறண்ட நிலம் பூக்கும்னு ஏசாயா எழுதி வச்சது இன்னைக்கு இஸ்ரேல்ல நிறைவேறியிருக்காம். வீடியோ முடியிற இடத்தில வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்டோட நம்பர்.

"பாத்தீங்களாண்ணே, அது தேவன் வாக்குக் கொடுத்த பூமி. அங்க போய் மண் வெட்டினாலும் ஆசீர்வாதந்தான்" என்றான்.

பஸ்ஸில நான் ஒண்ணும் சொல்லல. அவன் அப்பா அம்மா ரெண்டு பேரும் தோட்டத்தில பேர் போட்டு வளர்த்த பிள்ளை அவன். லயத்துக் காம்பராவை விட்டு வெளியேற அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வழி விமானம். போறவனை ஏசுற உரிமை எனக்கு இல்லை. ஆனா அந்த வீடியோ சொன்ன கதையை அப்படியே விழுங்க வேண்டிய அவசியம் அவனுக்கும் இல்லை. அதுக்காகத்தான் இது.

முதல்ல, அந்தப் பாலைவனம் எப்படிப் பூத்தது?

நெகேவ் பாலைவனத்தில ஹட்செரிம்னு ஒரு கிபுட்ஸ், அதாவது கூட்டுப்பண்ணைக் கிராமம், 1946இல் உருவானது. மண்ணெல்லாம் உப்பு. ஒரு கட்டத்தில ஊரையே கைவிடலாமான்னு யோசிச்சவங்க அவங்க. 1964இல் வடக்கே கலிலேயாக் கடலிலிருந்து தெற்கு வறண்ட நிலம் நோக்கித் தண்ணியைக் கொண்டுபோற தேசியக் குழாய்த்திட்டம் ஓடத் தொடங்கியது. 1965இல் சிம்ஹா பிளாஸ் என்ற நீர்ப்பொறியியலாளரோடு சேர்ந்து ஹட்செரிம் ஆட்கள் சொட்டுநீர்க் குழாய் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. நெட்டாஃபிம் நிறுவனம் பிறந்த கதை இது. நல்ல கண்டுபிடிப்பு, படிக்க வேண்டிய விஷயம், மறுக்கல. ஆனா இதில குழாய் இருக்கு, அரசாங்கப் பணம் இருக்கு, வேற இடத்துத் தண்ணி இருக்கு. வானத்திலிருந்து விழுந்தது எது?

அதோட, அந்த மண்ணில விவசாயத்தை முதன்முதலா செஞ்சவங்களும் அவங்க இல்லை. சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாலேயே நபாத்தியர்களும், அவங்களுக்குப் பிறகு பைசாந்தியக் காலத்து மக்களும் மலைச்சரிவில கல் வரிசை கட்டி, எப்பவாவது பெய்யிற மழையை வழிமறிச்சு, பள்ளத்தில பயிர் பண்ணினாங்க. மைக்கேல் எவனாரி என்ற இஸ்ரேலிய தாவரவியலாளரே 1950களின் கடைசியில அவ்தாத்தில அந்தப் பழைய வயல்களைத் திரும்பக் கட்டி, அந்த முறை வேலை செய்யுதுன்னு காட்டினார். பிற்காலத்தில பெதூயின் அரபு மக்கள் அங்க வாற்கோதுமை விதைச்சாங்க. 1948 போருக்கு முன்னால பல பத்தாயிரமா இருந்த அவங்க தொகை, போர் முடிஞ்சப்போ நெகேவில சுமார் 11,000. மிஞ்சினவங்களை ஒரு மூலையில ஒதுக்கி 1966 வரைக்கும் ராணுவ நிர்வாகத்தில வச்சாங்க. அல் அராகிப் என்ற பெதூயின் கிராமத்தை 2010இலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தடவை இடிச்சிருக்காங்க. "வெறும் பாலைவனம்"னு சொல்ற வாய் இந்த மக்களை எண்ணிக்கையிலேயே சேர்க்கிறதில்லை.

இந்தப் பேச்சு நமக்குப் பழகினதுதானே? 1867இல் லூல்கந்துரவில ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார்னு பள்ளிக்கூடப் புத்தகத்தில படிச்சோம். ஒரு துரை தனியா நின்னு எத்தனை ஏக்கர் காட்டை வெட்டியிருப்பார்? நக்கிள்ஸ் மலையடிவாரத்தில மடுல்கலையிலயும் கலபொக்கவிலயும் காட்டை வெட்டி, கல்லைப் புரட்டி, கான் வெட்டி, செடி நட்டது யார்? புத்தகத்தில துரை பேர் இருக்கு. நம்ம ஆளுங்க பேர் செக்ரோல்ல மட்டும் இருந்தது.

ரெண்டாவது, அந்தப் பண்ணையில குனிஞ்சு நிக்கிறது யார்?

1910 அளவில முதல் கிபுட்ஸ்களைத் தொடங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க பக்தர்களே இல்லை, சோசலிஸ்டுகள். அடுத்தவன் உழைப்பைக் கூலிக்கு வாங்கக் கூடாது, நம்ம நிலத்தில நம்ம கையே வேலை செய்யணும்னு கொள்கை வச்சிருந்தாங்க. காலப்போக்கில அது கரைஞ்சது. பண்ணைகளுக்குப் பாலஸ்தீனத் தொழிலாளர்கள் வந்தாங்க. 1990களில் அவங்களை எல்லையில தடுத்து, தாய்லாந்திலிருந்து ஆள் இறக்கினாங்க. 2023இல் தாய்லாந்துத் தொழிலாளர்கள் மட்டும் சுமார் 30,000 பேர். குறைஞ்ச கூலி, அளவுக்கு மீறின வேலை நேரம், பாதுகாப்பில்லாமல் பூச்சிமருந்து அடிக்கிறதுன்னு அவங்க நிலைமையைப் பத்தி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2015இலேயே அறிக்கை போட்டது. 2023 அக்டோபர் 7 தாக்குதலில் 30க்கும் மேற்பட்ட தாய்லாந்துக்காரங்க செத்தாங்க. பல ஆயிரம் பேர் ஊர் திரும்பினாங்க. பாலஸ்தீனர்களோட வேலை அனுமதியும் நின்னது.

காலியான அந்த இடத்துக்குத்தான், அதே 2023 நவம்பரில், 10,000 பேரை அனுப்ப நம்ம அரசாங்கம் கையெழுத்துப் போட்டது. என் மாமா மகனுக்கு வந்த அழைப்பு ஏசாயா அனுப்பினது இல்லை. ஒருத்தன் வேலையைப் பறிச்சு, இன்னொருத்தன் செத்து, காலியான வரிசையில நிக்கச் சொல்ற அழைப்பு.

மூணாவது, அந்தப் புத்தகம் உண்மையில என்ன சொல்லுது?

நான் புத்தகத்துக்கு எதிரா பேச வரல. யூதர்கள் தோரான்னு சொல்ற அந்த ஐந்து ஆகமங்கள்தான் நம்ம தோட்டத்துச் சபைகளில வாசிக்கிற பழைய ஏற்பாட்டோட தொடக்கம். அதில லேவியராகமத்தையும் உபாகமத்தையும் ஒரு தோட்டத் தொழிலாளியோட கண்ணால படிச்சுப் பாருங்க. அறுவடையில வயல் ஓரத்தை முழுசா அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. கூலிக்காரனோட கூலியைப் பொழுது சாயிறதுக்கு முன்னால கொடு. ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு, அதுவா விளையிறது எல்லாருக்கும். ஐம்பதாம் வருஷம் கைமாறின நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பணும். காரணம், நிலம் கடவுளுக்குச் சொந்தம், மனுஷர் எல்லாரும் அதில வந்து தங்கினவங்க. ரூத் கதையை ஞாயிறு பள்ளியில எல்லாரும் கேட்டிருப்பீங்க. அவள் மோவாபிலிருந்து வந்தவள். அடுத்தவன் வயலில கதிர் பொறுக்கிப் பசியாறின வெளிநாட்டுக்காரி.

இப்ப அந்த ஏழாம் வருஷ ஓய்வு, ஷ்மிட்டா, இன்னைக்கு எப்படி நடக்குதுன்னு பாருங்க. கடைசியா வந்தது 2021-22. முழுசா அதைக் கடைப்பிடிக்கிற விவசாயிகள் இருக்காங்க, அவங்களுக்கு என் மரியாதை. ஆனா 1889 அளவிலிருந்து ஒரு வழி இருக்கு. அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் நிலத்தை யூதரல்லாத ஒருத்தருக்கு விற்றதா பத்திரம் எழுதிடலாம். முக்கியமான வேலைகளை யூதரல்லாதவங்களை வச்சு செய்யணும்ங்கிறது அதோட நிபந்தனை. வறுமையில கிடந்த அந்தக் காலத்துக் குடியேற்றக்காரங்க பசியில சாகக் கூடாதுன்னு ரபிமார் யோசிச்ச வழி அது, புரியுது. பெரிய ஏற்றுமதிப் பண்ணைக்கு அது என்னத்துக்கு? இன்னொரு சங்கதி: தெற்கு அராவாப் பாலைவனம் வேதத்தில சொன்ன எல்லைக்கு வெளியே இருக்குன்னு பல ரபிமார் சொல்றதால, அந்த வருஷத்திலயும் அங்க காய்கறி தடையில்லாம விளையுது. நிலத்துக்கு உரிமை கேட்கிறப்போ நெகேவிலிருந்து அராவா வரைக்கும் வாக்குக் கொடுத்த பூமின்னு அரசியல்வாதி மேடையில பேசுறார். ஓய்வு கொடுக்கச் சொன்னா அந்தக் கோடு சுருங்கிடுது. ரெண்டையும் சொல்றது ஒரே ஆள் இல்லாம இருக்கலாம். லாபம் மட்டும் ஒரே பக்கம் போகுது.

யூதர்களைக் குத்திக்காட்ட இதை எழுதல. பெதூயின் கிராமம் இடிபடுறப்போ இதே தோராவைக் கையில பிடிச்சு எதிர்த்து நிக்கிற யூத ரபிமாரும் இருக்காங்க. என் கேள்வி நமக்குத்தான். ஏசாயாவில பூக்கிற பாலைவனம் மட்டும் நம்ம சபைக்குத் தெரியுது. பொழுது சாயிறதுக்குள்ள கொடுக்கச் சொன்ன கூலி ஏன் தெரியல?

பன்விலையில நின்னு கேட்கிறேன். நாள் கூலி 1000 ரூபாய் ஆக 2021 வரைக்கும், 1350 ஆக 2024 வரைக்கும் காத்திருந்தோம். அதுவும் சொன்ன கிலோ கொழுந்து எடுத்தாத்தான். குறைஞ்சா அரைப்பேர். அப்ப எந்தப் பிரசங்கத்தில லேவியராகமம் வந்தது? 1948இல் நம்மளை நாடில்லாதவங்க ஆக்கினாங்க. நிலச் சீர்திருத்தத்தில 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போச்சு. 1992இலிருந்து பெரும்பாலான தோட்டங்களை நிர்வகிக்க மறுபடியும் கம்பெனிகள் வந்தாங்க. 1975இலிருந்து எண்ணினா 2025இல் ஐம்பது வருஷம் முடிஞ்சது. வேதக் கணக்குப்படி யூபிலி. இந்த மலையில எந்தக் குடும்பத்துக்கு எந்த நிலம் வந்தது? 7 பேர்ச் வீட்டுக்காணிக்கே இன்னும் வரிசையில நிக்கிறோம். நெகேவுக்கு இருநூறு கிலோமீட்டர் தாண்டித் தண்ணி கொண்டுபோக முடிஞ்சது. நம்ம லயத்துக்குப் பின்னாலேயே ஆறு ஓடுது, ஒரு மிளகாய்ச் செடி ஊன்றச் சொந்த மண் இல்லை.

அதனால தம்பி, போறதா இருந்தா போ. ஏஜென்ட் கையில காசு கொடுக்கிறதுக்கு முன்னால வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிவு பண்ணு. ஒப்பந்தத்தைத் தமிழில வாசிச்சுக் காட்டச் சொல்லு. பண்ணை எந்த இடத்தில, எல்லையிலிருந்து எத்தனை தூரம், பாதுகாப்பு அறை இருக்கா, பூச்சிமருந்து அடிக்கிறப்போ என்ன தருவாங்கன்னு கேளு. தாய்லாந்துக்காரன் பக்கத்தில நின்னா அவனோட பேசு, அவனுக்குத் தெரிஞ்சது பாஸ்டருக்குத் தெரியாது. மாசாமாசம் நீ அனுப்புற காசில அம்மாவோட கூரை மாறும், அது நல்லதுதான்.

ஆனா ஆசீர்வாதம்னு சொல்லிக்கிட்டுப் போகாதே. உன் தாத்தாவையும் ஒரு கங்காணி இப்படித்தான் கூட்டிட்டு வந்தான். தேயிலைத் தூருல மாசியும் தேங்காயும் கிடைக்கும்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தான்.