ஒட்டி வரும் குட்டிச் சொல்

அன்புக் குழந்தைகளே,

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, அறிவியல் சோதனை முடிந்ததும் ஆசிரியர், "புட் அவுட் த கேண்டில்" என்றார். எரியும் மெழுகுவர்த்தியைப் பத்திரமாக எடுத்துச்சென்று, வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன். வகுப்பே சிரித்தது. அணைக்கத்தான் சொன்னாராம்! அதன்பிறகு பல நாட்கள் ஆங்கில வகுப்பில் நான் வாய் திறக்கவே இல்லை.

'புட்' என்றால் வை; 'அவுட்' என்றால் வெளியே. இரண்டும் எனக்குத் தெரியும். சேர்ந்தால் பொருள் மாறும் என்பதுதான் தெரியாது. இப்படிப்பட்ட சொற்களை 'ஃபிரேசல் வெர்ப்' என்பார்கள். 'லுக் அட்' என்றால் பார். 'லுக் ஃபார்' என்றால் தேடு. 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள்.

மிரள வேண்டாம். நம் தமிழிலும் இப்படி உண்டே! "தம்பியைப் பார்" என்று அம்மா சொன்னால் திரும்பிப் பார்ப்பீர்கள். "தம்பியைப் பார்த்துக்கொள்" என்றால், அம்மா கடைக்குப் போய் வரும்வரை அவன் உங்கள் பொறுப்பு. 'கொள்' என்ற குட்டிச் சொல் செய்த வேலை அது!

எனவே, இந்தச் சொற்களைப் பிரித்துப் பொருள் பார்க்காதீர்கள். தினம் ஒன்றை எடுத்து, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

வகுப்பில் யாராவது என்னைப்போல் மெழுகுவர்த்தியை வெளியே கொண்டுபோனால் சிரிக்காதீர்கள், பொருளைச் சொல்லிக்கொடுங்கள். தவறு செய்தது நீங்கள் என்றால், 'கிவ் அப்' மட்டும் செய்யாதீர்கள். அதற்கு என்ன பொருள்? அகராதியைப் புரட்டுங்கள்!

அன்புடன்,
ஆசிரியர்