நான்கு வயதில் வைக்கப்படும் அளவுகோல்

இங்கிலாந்தில் 2021 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள தொடக்கநிலை மதிப்பீடு, அதாவது ரிசெப்ஷன் எனப்படும் முதல் வகுப்பில் சேரும் நான்கு வயதுக் குழந்தையின் மொழித்திறனையும் எண்ணறிவையும் முதல் ஆறு வாரங்களுக்குள் ஏறத்தாழ 20 நிமிடங்களில் அளந்தறியும் முறை, பள்ளிகளின் உழைப்பை நேர்மையாக எடைபோட உதவுகிறது என்று அதன் ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர். பின்தங்கிய சூழலிலிருந்து வரும் குழந்தைகளை ஏற்கும் பள்ளியை இறுதி மதிப்பெண்ணால் மட்டும் தீர்ப்பிடக் கூடாது என்னும் அவர்களது கவலை நியாயமானதே. அவர்கள் காணும் தீர்வுதான் ஏற்கத்தக்கதன்று.

செப்டம்பரில் பிறந்த குழந்தைக்கும், அடுத்த ஆகஸ்டில் பிறந்து அதே வகுப்பில் அமரும் குழந்தைக்கும் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி இருப்பதாலும், வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை தான் அறிந்ததை ஆங்கிலத்தில் வெளிப்படுத்த இயலாமல் போகக்கூடும் என்பதாலும், இம்மதிப்பீடு திறனோடு வயதையும் மொழிப் பின்புலத்தையும் சேர்த்தே அளக்கிறது. 2015இல் மூன்று வெவ்வேறு மதிப்பீடுகளைக் கொண்டு தொடங்கப்பட்ட முந்தைய முயற்சி, அவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவையல்ல என்று கண்டறியப்பட்டு மறு ஆண்டே கைவிடப்பட்டதை ஆதரவாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இப்போதைய முறையிலும் மதிப்பெண் ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ தரப்படுவதில்லை. ஆசிரியருக்குச் சில விவரிப்பு வாக்கியங்கள் மட்டுமே கிடைக்க, எண்கள் ஏழாண்டுகளுக்குப் பின் பள்ளியின் முன்னேற்றத்தைக் கணக்கிடுவதற்காகச் சேமிக்கப்படுகின்றன. விளையாட்டிலும் உரையாடலிலும் உடனிருந்து ஆசிரியர் வாரக்கணக்கில் செய்யும் கூர்நோக்கே கற்பித்தலுக்கு வழிகாட்டும் என்பதால், அதற்குரிய நேரத்தைப் பறித்துப் பள்ளிக் கணக்கிற்குக் குழந்தையைக் கருவியாக்கும் இம்முறை கைவிடப்பட வேண்டும்.