அஞ்சல் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது?

இலக்கியக் கூட்டங்களில் தவறாமல் கேட்கும் ஒப்பாரி ஒன்று உண்டு. கடித இலக்கியம் செத்துவிட்டது என்பது அதன் பல்லவி. இன்லண்டு லெட்டரின் நீலம், தபால்காரரின் மிதிவண்டி மணி, பேனா மசியின் வாசனை என்று சரணங்கள் தொடரும். பேசி முடித்து மேடையிலிருந்து இறங்குகிறவரிடம் அவருடைய மின்னஞ்சல்களை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். "அது ஜிமெயில்ல கெடக்கு" என்பார். இந்த ஒப்பாரியில் கலந்துகொள்ள நாங்கள் மறுக்கிறோம். தமிழில் கடிதம் எழுதுவது நிற்கவில்லை. 1990களின் இறுதியிலிருந்து அது மின்னஞ்சலுக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். அப்படி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இன்று கைக்கு எட்டாமற் போயிருப்பதற்குக் காலத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. அஞ்சல் மென்பொருள் என்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நாம் நினைக்காததே காரணம்.

இதை இப்போது எழுத நேர்ந்ததற்கு ஒரு சாதாரண முகாந்திரம் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டபின், வீட்டுக் கணினியை மாற்றுகிறவர்கள் எங்கள் வட்டத்திலும் பெருகினார்கள். நாங்கள் போடிநாயக்கனூரிலும், மேலே போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலுமாகச் சிதறிக் கிடக்கும் வாசகர்கள். புதுக் கணினியில் எந்த அஞ்சல் மென்பொருளை நிறுவலாம் என்று ஒருவர் கேட்டார். வந்த பதில்கள் எல்லாம் ஒரே பதில்தான்: உலாவியில் திறந்து படித்தால் போதாதா, அதற்கென்று தனி மென்பொருள் எதற்கு? போதாது என்பது எங்கள் தரப்பு.

கடிதத் தொகுப்புகள் எப்படிக் கிடைத்தன என்று எண்ணிப் பார்க்கலாம். கு. அழகிரிசாமியின் கடிதங்கள் நமக்கு வாசிக்கக் கிடைப்பது கி. ராஜநாராயணன் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்ததால். புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதியவை 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலானது, கமலா அவற்றைத் தூக்கி எறியாமல் இருந்ததால். உ.வே. சாமிநாதையர் விஷயம் இன்னும் வியப்பானது. தமக்கு வந்த கடிதங்களை அவர் சேர்த்து வைத்தார். அவர் மறைந்தது 1942இல். 1877 முதல் 1900 வரை அவருக்கு வந்த கடிதங்கள் 'கடிதக் கருவூலம்' என்ற பெயரில் முதல் தொகுதியாக வெளிவந்தது 2018இல். இடையில் 76 ஆண்டுகள் அந்தக் காகிதங்கள் யாருடைய அனுமதியையும் கேட்காமல் இருந்த இடத்தில் இருந்தன. ஆக, கடித இலக்கியத்தைக் காப்பாற்றுகிறவர் எழுதுகிறவரைவிடப் பெறுகிறவரே.

இனி ஜிமெயிலில் கிடப்பதற்கு வருவோம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. உ.வே.சா.வின் கடிதங்கள் அத்தகைய கணக்கில் இருந்திருந்தால் 1944இலேயே கதை முடிந்திருக்கும். இறந்துபோனவரின் கடவுச்சொல் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தாலும், அவருடைய கைப்பேசி எண்ணுக்கு வரும் சரிபார்ப்புக் குறியைப் பெற அந்த எண் அதற்குள் வேறொருவருக்குப் போயிருக்கலாம். நமக்குப்பின் யார் திறக்கலாம் என்று முன்கூட்டியே குறித்து வைக்கவும், எல்லா மடல்களையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளவும் கூகுள் வசதி தந்திருக்கிறது. அதை மறைப்பது நியாயமில்லை. ஆனால் அதைச் செய்து வைத்திருக்கும் எழுத்தாளர் ஒருவரையும் நாங்கள் இதுவரை சந்தித்ததில்லை. வேலை செய்யும்வரை யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இது வெறும் பூச்சாண்டி என்பவர்கள் யாஹூ குழுமங்களை நினைவுகூர வேண்டும். அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப் என்று 2000களின் தமிழ் இணைய இலக்கிய வாழ்வே அங்கேதான் நடந்தது. வெண்பாச் சண்டை, மொழிபெயர்ப்புச் சண்டை, சாதாரணச் சண்டை எல்லாம் நடந்தன. இன்று நூலாகக் கிடைக்கும் பல கட்டுரைகளின் முதல் வடிவம் அங்கே ஒரு மடலுக்குப் பதிலாக எழுதப்பட்டது. 2019 அக்டோபரில் யாஹூ அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பழைய மடல்கள் தளத்திலிருந்து மறைந்தன. 2020 டிசம்பர் 15 அன்று குழுமச் சேவையே நின்றது. (எங்கள் ஊருக்கு மதுரையிலிருந்து வந்த மீட்டர்கேஜ் ரயில் 2010 முடிவில் நின்று, அகலப்பாதையாகி, 2023 ஜூன் 15 அன்றுதான் மறுபடி வந்தது. நின்றது திரும்பி வரும் என்று காத்திருக்கும் பழக்கம் போடிக்காரர்களுக்கு உண்டு. யாஹூ விஷயத்தில் அந்தப் பழக்கம் செல்லாது.)

குழும மடல் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உறுப்பினரின் அஞ்சல் பெட்டிக்கும் தனித்தனியே போய்ச் சேர்ந்தது என்பதுதான் இதில் வேதனையான செய்தி. நூற்றுக்கணக்கான பிரதிகள் இருந்திருக்க வேண்டும். மேசைக் கணினியில் மென்பொருள் வைத்து இறக்கிக்கொண்டவர்களிடம் இன்றும் இருக்கின்றன. தளத்திலேயே படித்துக்கொள்ளலாம், பெட்டி நிறைகிறது என்று அஞ்சலாகப் பெறுவதை நிறுத்தியவர்களிடம் ஒன்றும் இல்லை.

இந்த இறக்கிக்கொள்ளும் பழக்கம் ஒரு காலத்தில் இங்கே இயல்பாக இருந்தது. அதற்குக் காரணம் இலக்கிய ஆர்வமன்று, தொலைபேசிக் கட்டணம். வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பெருநகரங்களில் இணையத்தைத் தொடங்கி, அது மெல்ல மெல்லச் சிற்றூர்களுக்கு இறங்கியபோது, இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. ஆகவே இணைத்தோம், மடல்களை இறக்கினோம், துண்டித்தோம், பொறுமையாகப் படித்தோம், பதில் எழுதி வைத்தோம், மறுபடி இணைத்து அனுப்பினோம். அகன்ற அலைவரிசை வந்தது. அந்த ஒழுக்கம் போயிற்று. மலையில் இருக்கும் எங்கள் நண்பர்களுக்கு அது இன்னும் முழுதாகப் போகவில்லை. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்தால் மின்சாரமும் இணைப்பும் சேர்ந்தே போகும் இடங்கள் அவை. அங்கே உலாவியை மட்டும் நம்பியிருப்பவர் தமக்கு நேற்று வந்த கடிதத்தை இன்று படிக்க முடியாது.

அந்நாளில் புழங்கிய மென்பொருள்களில் யூடோராவைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டீவ் டார்னர் 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அதை எழுதினார். அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்ட்டியின் பெயரைத்தான் அதற்குச் சூட்டினார். குடும்பத்தோடு சண்டையிட்டுக்கொண்டு அஞ்சலகத்திலேயே குடியேறிவிடும் பெண்ணைப் பற்றி வெல்ட்டி 1941இல் எழுதிய சிறுகதை அதற்குக் காரணம். ஒரு சிறுகதையிலிருந்து பெயர் பெற்ற மென்பொருளைத் தமிழ் இலக்கிய உலகம் கொண்டாடியிருக்க வேண்டும்! யூனிகோடு அதற்கு ஒத்துவரவில்லை, 2006இல் வணிகப் பதிப்பும் நின்றது. ஆனால் அது மடல்களை எளிய உரைக் கோப்பாகவே சேமித்தது. ஆகவே அதில் சேர்ந்தவற்றை இன்றும் திறக்க முடிகிறது.

விண்டோஸோடு இலவசமாக வந்ததால் நம்மில் பெரும்பாலோர் பிடித்துக்கொண்டது அவுட்லுக் எக்ஸ்பிரஸை. அது மடல்களை டிபிஎக்ஸ் என்ற தனக்கே உரிய வடிவத்தில் பூட்டி வைத்தது. கோப்பு பெருத்தால் பழுதாகும் என்பது அக்காலத்தில் ஊரறிந்த சங்கதி. பிறகு விஸ்டாவில் வேறொன்று, அதன்பின் விண்டோஸ் லைவ் மெயில், அதற்கு 2017 ஜனவரியில் மூடுவிழா. அடுத்து விண்டோஸ் மெயில், அதற்கு 2024 டிசம்பர் 31. இப்போது புதிய அவுட்லுக். இதில் வேறு நிறுவனத்தின் அஞ்சல் கணக்கைச் சேர்த்தால் அந்த மடல்கள் மைக்ரோசாஃப்டின் வழங்கிகளுக்கும் போய்ச் சேர்கின்றன. இலவசமாகப் பயன்படுத்துவோருக்கு மடல்களுக்கு நடுவே விளம்பரமும் உண்டு. வீட்டுக்குள் ஒரு அலமாரி வாங்கப் போனவரிடம் கடைக்காரர் தம் கிட்டங்கியில் இடம் ஒதுக்கித் தருவது போன்றது இது. இதைத் தேர்வு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

நாங்கள் பரிந்துரைப்பது தண்டர்பேர்டை. 2004 டிசம்பரில் முதற்பதிப்பு வந்தது; 2012இல் மொசில்லா அதைக் கிட்டத்தட்டக் கைகழுவியது; தன்னார்வலர்களும் நன்கொடையாளர்களும் தாங்கிப் பிடித்தார்கள்; 2020இலிருந்து தனி நிறுவனமாக நடக்கிறது. அழகில் முதலிடம் அதற்கில்லை. எங்களுக்கு வேண்டியது அதன் கோப்பு. எம்பாக்ஸ் என்ற வடிவில், ஒன்றன்பின் ஒன்றாக மடல்களைக் கோத்த வெறும் உரைக் கோப்பு அது. தண்டர்பேர்ட் நாளை இல்லாமற் போனாலும் வேறு பல மென்பொருள்கள் அதைப் படிக்கும். தமிழ் மடலை நோட்பேடில் திறந்தால் பெரும்பாலும் புரியாத குறிகளாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அஞ்சல் வழியில் போவதற்காகச் செய்த குறியேற்றம் அது. அதை அவிழ்க்கும் முறை எல்லாருக்கும் திறந்த பொது விதி. எவருடைய காப்புரிமையும் குறுக்கே நிற்காது.

நிறுவினால் மட்டும் போதாது. ஐமேப் முறையில் கணக்கைச் சேர்த்தால் உங்கள் கணினியில் இருப்பது வழங்கியின் நிழல். அங்கே அழிந்தால் இங்கும் அழியும். இதை அறியாமல் நிம்மதியாக இருப்பவர்கள் பலர். வேண்டிய கடிதங்களை அதிலுள்ள 'உள்ளகக் கோப்புறை'களுக்கு நகலெடுத்து வைக்க வேண்டும். அல்லது பாப் முறையில் இறக்கி, வழங்கியில் ஒரு பிரதி இருக்கட்டும் என்ற தெரிவை விட்டுவைக்கலாம். அனுப்பிய மடல்களையும் சேர்த்தே வையுங்கள். காகிதக் காலத்தில் ஒரு கடிதப் போக்குவரத்தின் இரு பக்கமும் ஒரே வீட்டில் கிடைப்பது அரிது. அந்த வாய்ப்பு நமக்குச் சும்மா கிடைத்திருக்கிறது.

தமிழுக்கென்றே உள்ள சங்கடங்கள் இரண்டு. 1999இலிருந்து சில ஆண்டுகள் இணையத் தமிழ் திஸ்கியிலும், டாப், டாம் குறியேற்றங்களிலும், இன்னும் பல தனி எழுத்துருக்களிலுமாக எழுதப்பட்டது. முரசு அஞ்சலில் தட்டிய அந்த மடல்களை இன்று உலாவியில் திறந்தால் கொம்பும் வாலும் முளைத்த ரோமன் எழுத்துகளாகத் தெரியும். கெட்டுப்போனதென்று அழித்துவிடுகிறார்கள். கெடவில்லை. மடல் வந்த உருவிலேயே இருந்தால் மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம். எம்பாக்ஸ் அதை வந்தபடியே வைத்திருக்கிறது.

இன்னொன்று தேடல். நம் மொழியில் சொல் தனியே நிற்பதில்லை. வேற்றுமையும் சாரியையும் ஒட்டிக்கொண்டுதான் வரும். ஜிமெயிலில் 'கடிதம்' என்று தேடினால் 'கடிதங்களை' என்பது அகப்படுவதில்லை, முழுச் சொல்லைத்தான் அது பார்க்கிறது. தண்டர்பேர்டின் விரைவு வடிகட்டியில் 'கடித' என்று இட்டால் எல்லா உருவமும் வந்து விழும். 'ஏல' என்று இட்டால் காயும் வரும், கூவி விற்பதும் வரும். எங்கள் ஊரில் ஏலமே ஏலம் போவதால் அதில் எங்களுக்குப் புகார் இல்லை.

அந்தரங்கக் கடிதங்களைச் சேர்த்து வைத்துப் பிற்காலத்தில் கண்டவரும் படிக்க விடுவதா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. காகிதக் கடிதங்களுக்கும் இதே கேள்வி இருந்தது. எதை எரிப்பது, எதை வைப்பது என்று அந்த வீட்டார் முடிவு செய்தார்கள். முடிவு செய்யும் உரிமை நம்மிடம் இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறோம். வன்தட்டும் ஒருநாள் சாகும் என்றார் இன்னொருவர். சாகும். தண்டர்பேர்டின் கோப்புறை விண்டோஸின் மறைவிடம் ஒன்றில் ஒளிந்திருக்கிறது. உதவிப் பட்டியலில் உள்ள பழுதறியும் தகவல் பக்கத்தின் வழியே அதைத் திறந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளி வன்தட்டில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒருவரிடம் அது எந்த மேசை இழுப்பறையில் இருக்கிறது என்றும் சொல்லி வைக்கலாம்.

பழைய கணினியைப் பரணில் போட்டிருப்பவர்கள் போடியிலும் மலையிலும் நிறையப்பேர் இருக்கிறார்கள். இரும்புக் கடைக்குத் தூக்கிப் போகுமுன் அதன் வன்தட்டை எங்களிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள். டிபிஎக்ஸ் கோப்புகளைப் பிரிக்கவும், திஸ்கி மடல்களை மாற்றவும் இலவசக் கருவிகள் எங்களிடம் இருக்கின்றன. மடல்களை நாங்கள் படிக்கமாட்டோம். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.